பூநாரையைத் துரத்திய பதினைந்து மாதங்களும் மொட்டை மாடியின் காகங்களும்

காட்டுயிர்ப் படம் எடுக்க வேண்டும் என்ற ஆசையில் பெரிய லென்ஸ் ஒன்றைக் கடனில் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் யாரேனும் இதைப் படித்தால், வாங்குவதற்கு முன் ஒரு வாரம் பொறுத்திருங்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். 2022இல் என்னிடம் அப்படிச் சொல்ல யாரும் இல்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம். ஆனாலும் ஒருவர் சொல்லி நான் கேட்காமல் போவதற்கும், யாருமே சொல்லாமல் நானாகத் தடுமாறிக் கற்பதற்கும் வேறுபாடு இருக்கிறது.

நான் கிண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டின் முதல் தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். மேலே மொட்டை மாடி. என்னிடம் அப்போது இருந்தது ஒரு சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் அதனுடன் வந்த 18–55 மில்லிமீட்டர் லென்ஸும்தான். வீட்டிலிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் சில கிலோமீட்டர்தான். அந்த ஆண்டுதான் அது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. செய்தித்தாள்களில் பூநாரைகளின் படங்கள் வந்தபடி இருந்தன. இளஞ்சிவப்புச் சிறகு விரித்து அவை நீரில் ஓடுவதைப் பார்த்தபோது, அத்தகைய ஒரு படத்தையாவது என் கையால் எடுத்துவிட வேண்டும் என்ற எண்ணம் மனத்தில் வேரூன்றிவிட்டது. ஜூலை மாதத்தில், தொலைவில் இருப்பதை அருகில் காட்டும் 150–600 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை மாதத் தவணையில் வாங்கினேன். வட்டியுடன் சேர்த்து 1,09,000 ரூபாய் ஆயிற்று. அதன் எடையைக் கை தாங்கவில்லை என்பதால், முக்காலிக்கும் அதன் தலைப்பகுதிக்கும் இன்னொரு 17,000 ரூபாய்.

நவம்பர் முதல் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கிளம்பினேன். துரைப்பாக்கம் சாலை ஓரத்திலும் பெரும்பாக்கம் பக்கத்திலும் லாரிகளின் புழுதிக்கு நடுவே முக்காலியை நிறுத்திக்கொண்டு நிற்பேன். தனியாக நிற்கும் பெண்ணைப் பார்த்துவிட்டு வண்டியை மெதுவாக்குபவர்கள் உண்டு. அதற்காகவே சில நாள் வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே மூட்டை கட்டித் திரும்பியிருக்கிறேன். பறவைகள் இருந்தன. ஆனால் வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒரு படம்கூடக் கூர்மையாக இருக்காது. முதலில் என் கை நடுக்கம் என்று நினைத்தேன். பிறகு லென்ஸில் குறை என்று நினைத்தேன். உண்மையான காரணம் எனக்குப் புரிய ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆயிற்று.

அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலரும் பணத்தை இழக்கிறார்கள். ஏறத்தாழ நான்கடி உயரமுள்ள ஒரு பூநாரை 300 மீட்டர் தொலைவில் நின்றால், என்னிடம் இருந்தது போன்ற சிறிய சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) உள்ள கேமராவில் 600 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டும்கூட அது படத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்குதான் வரும். மீதியெல்லாம் நீரும் வானமும். சரி, வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்றால், அதற்குக் கானல் விடாது. வெயில் ஏற ஏறத் தரையிலிருந்தும் நீரிலிருந்தும் எழும் சூடான காற்று ஒளியை அங்குமிங்கும் வளைத்துக்கொண்டே இருக்கும். பறவைக்கும் உங்களுக்கும் இடையே உள்ள அத்தனை மீட்டர் காற்றும் அந்த அசைவைப் படத்தில் சேர்த்துவிடும். சென்னையில் குளிர்காலத்திலேயே காலை எட்டு, எட்டரை மணிக்குமேல் இது தொடங்கிவிடுகிறது. இதை எந்த விலையுயர்ந்த கண்ணாடியாலும் சரிசெய்ய முடியாது. அருகில் போவது ஒன்றே வழி. சதுப்பு நிலத்தில் அருகில் போக வழியும் இல்லை, போகவும் கூடாது. ஆகவே லென்ஸ் வாங்க நினைப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். சென்னையில் நாள் வாடகைக்கு லென்ஸ் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. நீங்கள் எடுக்க விரும்பும் அதே இடத்துக்கு, அதே நேரத்தில், வாடகை லென்ஸுடன் இரண்டு முறை போய் வாருங்கள். திரும்பி வந்து படங்களைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

நான் அப்படிச் செய்யாமல் இன்னும் தூரம் போனேன். பழவேற்காட்டில் இந்தப் பறவை வந்திருக்கிறது, வேடந்தாங்கலில் அந்தப் பறவை வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும். மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு வாடகைக் காரில் போவேன். போய்ச் சேரும்போது பெரும்பாலும் பறவை இருக்காது, அல்லது இருபது பேர் ஒரே மரத்தை நோக்கி லென்ஸை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் எடுத்த படமும் நான் எடுத்த படமும் ஒன்றாகவே இருக்கும். பதினைந்து மாதங்களில் பயணச் செலவு மட்டும் 46,000 ரூபாய். பதினோரு நாள் விடுப்பு. பணத்தைவிட என்னை வருத்தியது வேறு. ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு திரும்பும் வழியில், நான் பார்த்ததாக எதுவுமே நினைவில் இருக்காது. ஒரு பெயரைத் தேடிப் போய், அந்தப் பெயர் கிடைக்கவில்லை என்று திரும்பியிருப்பேன். வழியில் வேலியில் உட்கார்ந்திருந்த கரிச்சானையும், ஏரிக்கரையில் நின்ற மடையான் என்ற கொக்கையும் ஏறிட்டும் பார்த்திருக்க மாட்டேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். நான்கு நாள் மின்சாரம் இல்லை. அதன் பிறகும் பல வாரங்கள் சுவரெல்லாம் ஈரம் ஊறியிருந்தது. முதல் தளம் என்பதால் பொருள்களுக்குச் சேதம் இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். லென்ஸ் அதன் பையில், பையோ பீரோவின் மேல்தட்டில், பத்திரமாக இருப்பதாகத்தான் நம்பினேன். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மாவின் பொருள்களைத் தூக்கி வைப்பதும் சுத்தம் செய்வதுமாக நாள்கள் போயின. பிப்ரவரியில்தான் பையைத் திறந்தேன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோது கண்ணாடிக்கு உள்ளே, நடுவில், சிலந்தி நூலைப் போல வெண்மையாகக் கிளை பிரிந்து ஏதோ படர்ந்திருந்தது. பூஞ்சை. அதைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தவணை முடிய இன்னும் ஐந்து மாதங்கள் இருந்தன.

பழுது பார்க்கும் கடையில் 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். ஆறு வாரம் ஆயிற்று. உள்ளே இருந்த கண்ணாடி ஒன்றின் மேற்பூச்சைப் பூஞ்சை அரித்துவிட்டது என்றும், முழுமையாகச் சரியாகும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் பணம் கட்டிய பிறகுதான் சொன்னார்கள். அந்த உறுதியை முன்பே எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் துணிப் பையும் தோல் பையும் லென்ஸுக்கு எதிரிகள். அவை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பெரிய செலவு வேண்டாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதற்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர் ஒன்று. எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்குமாறு பார்த்துக்கொண்டால் போதும். நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லாக இருந்தால், மாறியவுடன் சூடேற்றி உலர்த்தி மறுபடியும் பயன்படுத்தலாம். வாரம் ஒரு முறையாவது லென்ஸை வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள். பழைய லென்ஸ் வாங்குவதாக இருந்தால், பின்பக்கத்திலிருந்து டார்ச் வெளிச்சத்தைப் பாய்ச்சி, முன்பக்கத்திலிருந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே கொண்டுபோனால் கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்துவிடும் என்பதால், பையோடு அரை மணி நேரம் கூடத்தில் வைத்திருந்து, பிறகு திறக்க வேண்டும்.

அந்த ஆறு வாரங்களில் என் கையில் இருந்தது பழைய 18–55 லென்ஸ் மட்டும்தான். எங்கும் போக முடியாது. போகவும் மனம் இல்லை. விடியற்காலையில் விழித்துப் பழகிய உடம்பு மட்டும் அதே நேரத்தில் எழுந்துகொண்டது. காபியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. கிழக்கிலிருந்து தாழ்வாக வந்த வெயில் அதன் முதுகில் சாய்வாக விழுந்தது. கருப்பு என்று நான் நினைத்திருந்த சிறகில் ஊதாவும் நீலமும், ஓரத்தில் லேசான பச்சையும் நகர்ந்துகொண்டிருந்தன. கழுத்தின் சாம்பல் நிறம் அந்தப் பளபளப்புக்குள் கரையும் இடம் அவ்வளவு மென்மையாக இருந்தது. நாற்பத்திரண்டு வயதுவரை தினமும் பார்த்த பறவை அது; சாதம் வைத்துக் கூப்பிட்டிருக்கிறேன், விரட்டியிருக்கிறேன். அந்தக் காலையில் எனக்குக் கண் கலங்கியது. வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

கீழே ஓடிப்போய்க் கேமராவை எடுத்து வருவதற்குள் அது பறந்துவிட்டது. ஆனால் காகம் மறுநாளும் வரும். அன்றாட உயிர்களைப் படம் எடுப்பதில் எனக்குக் கிடைத்த முதல் வசதி இதுதான்: இன்று தவறினால் நாளை. அடுத்த பன்னிரண்டு நாள் அதே சுவரை, அதே நேரத்தில், எடுத்தேன். முதலில் எல்லாப் படங்களிலும் காகம் வெறும் கரிய உருவமாக இருந்தது. பின்னால் வெளுத்த வானம் இருந்ததுதான் காரணம். வானத்தின் வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமரா கணக்குப் போட்டுக் காகத்தை இருட்டாக்கிவிடுகிறது. நான் இரண்டடி நகர்ந்து, எதிர்வீட்டின் நிழல் விழுந்த சுவர் பின்னணியாக வருமாறு உட்கார்ந்ததும் நிலைமை மாறியது. ஒரு லட்சம் ரூபாய் லென்ஸ் செய்யாததை அந்த இரண்டடி செய்தது. உயிரினத்தைத் தேடுவதற்கு முன் பின்னணியைத் தேடுங்கள். எந்தச் சுவரில், எந்தக் கிளையில், எத்தனை மணிக்கு வெயில் சாய்வாக விழுகிறது, அதன் பின்னால் இருட்டு எங்கே இருக்கிறது என்று சில நாள் வெறுமனே பாருங்கள். பிறகு அங்கே உட்கார்ந்திருங்கள். வரவேண்டியது வரும்.

அணில் அப்படித்தான் வந்தது. முருங்கை மரத்திலிருந்து சுவருக்குத் தாவி, வெயிலுக்கு எதிர்ப்பக்கமாக, எனக்கும் சூரியனுக்கும் நடுவில் நின்றது. வாலின் ஒவ்வொரு மயிரும் பொன்னிழை போல எரிந்தது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஒரு படி குறைத்தேன். உடல் இருளில் மறைந்து, அந்த ஒளிக்கோடு மட்டும் நின்றது. நான் எடுத்ததிலேயே எனக்குப் பிடித்த படங்களில் அது ஒன்று. அதில் ஓர் அணிலின் முகம்கூடத் தெரியாது.

பிறகு எல்லாம் கண்ணில் படத் தொடங்கின. கறிவேப்பிலைத் தொட்டியில் பறவை எச்சம் என்று நான் பல ஆண்டுகளாக விரலால் தட்டிவிட்டுக்கொண்டிருந்தவை கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் இளம் புழுக்கள். வளர்ந்ததும் அவை பச்சையாகிவிடுகின்றன; தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த இரட்டைக் கொம்பு போன்ற ஒன்றை நீட்டி ஒரு நெடியை விடும். அந்தப் பழைய லென்ஸ் ஒரு சாண் தூரம்வரை அருகில் போய் எடுக்கும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்கும் கேமராவுக்கும் இடையில் மாட்டும் நீட்டிப்புக் குழாய்கள் 1,400 ரூபாய்க்குக் கிடைத்தன. அதுதான் நான் செய்த செலவுகளிலேயே பயனுள்ளது. இலையில் ஊரும் உயிர்களுக்குக் கைப்பேசியே போதும் என்றும் சொல்வேன். அதன் சிறிய சென்சாரால் புழுவின் தலை முதல் வால்வரை தெளிவாக விழுகிறது. ஓணானை எடுக்க வேண்டுமானால் தரையில் படுங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் அது ஒரு ஓணான். அதன் கண் மட்டத்துக்கு வந்து, இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் கழுத்தும் சிவந்து நிற்பதை எடுத்தால், அது தன் எல்லையைக் காவல் காக்கும் ஓர் உயிர்.

மடையானைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேளச்சேரி போகும் வழியில் கால்வாய் ஓரத்தில் சேற்று நிறத்தில் குறுகி உட்கார்ந்திருக்கும். பலர் அதைக் கல்லென்றே கடந்துபோவார்கள். பறக்கும் கணத்தில் உடலுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் துணியை உதறியது போலச் சிறகு விரியும். அதற்கு ஷட்டர் வேகத்தை 1/2000 நொடி வரை ஏற்றிக்கொள்ளுங்கள், ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. கூடிப் படத்தில் புள்ளிகள் வந்தால் வரட்டும், கலங்கிய சிறகைவிடப் புள்ளி பரவாயில்லை. வெள்ளைச் சிறகில் வெயில் நேராகப் பட்டால் இறகின் வரிகள் எல்லாம் அழிந்துவிடும் என்பதால் அங்கேயும் ஒளியைக் குறைத்துத்தான் எடுக்க வேண்டும். அந்தக் கால்வாயின் நாற்றத்தில் நின்று நான் எடுத்த படத்தைப் பார்த்து, எந்தச் சரணாலயம் என்று கேட்டார் என் அலுவலகத் தோழி.

அந்த நாள்களில்தான் மா. கிருஷ்ணனின் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர், சென்னையில் இருந்தபடியே காட்டுயிர்களைப் பற்றி எழுதியவர், கருப்பு வெள்ளையில் படம் எடுத்தவர். யானையைப் பற்றி எழுதும் அதே கவனத்தோடு வீட்டுப் பல்லியையும் காகத்தையும் பற்றி அவர் எழுதியிருப்பதைப் பார்த்தபோது, இந்த ஊரில் எனக்கு முன்பே ஒருவர் இப்படிப் பார்த்திருக்கிறார் என்று ஆறுதலாக இருந்தது.

இனி எழுதப்போவது எழுதக் கடினமானது. 2024 மே மாதத்தில் மாடி ஓரத்துக் காகிதப்பூக் கொடியில் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு ஒன்று கூடு கட்டியது. சிலந்தி நூலால் கோத்த சிறிய பை; பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேலே ஒரு சிறு கூரை. பெண் பறவை மரப்பட்டைத் துணுக்குகளையும் புழு எச்சங்களையும் கொண்டுவந்து வெளியே ஒட்டிக்கொண்டே இருந்தது. அதைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் முன்னால் ஒரு கிளை மறைத்தது. கூட்டின் மேல் வெளிச்சம் விழவில்லை. அந்தக் கிளையை நான் வெட்டவில்லை, துணிக் கிளிப்பால் பக்கத்துக் கம்பியோடு சேர்த்து ஒதுக்கி மட்டும்தான் வைத்தேன். எடுத்த பிறகு விட்டுவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு நாள் எடுத்தேன். இரண்டாம் நாள் மாலை அலுவலகத் தொலைபேசி அழைப்பில் கீழே போனவள், கிளிப்பை எடுக்க மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலை கூடு கிழிந்து தொங்கியது. கைப்பிடிச் சுவரில் காகம் உட்கார்ந்திருந்தது. அதுதான் செய்தது என்று நான் பார்க்கவில்லை. செம்போத்தும் கூடுகளைச் சூறையாடும் பறவைதான். எதுவாக இருந்தாலும், அதற்கு வழியைத் திறந்துவைத்தது என் கை. தாய்ப்பறவை அன்று முழுவதும் அந்த இடத்துக்கு வந்து வந்து போயிற்று. அந்த இரண்டு நாள் படங்களையும் அழித்துவிட்டேன்.

கூட்டைப் படம் எடுக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். இலை மறைவுதான் குஞ்சுகளுக்கு இருக்கும் ஒரே கதவு. படத்துக்கு இடைஞ்சலாக நமக்குத் தெரிவது அந்தக் கதவுதான். வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடக் கூடாது என்று 1798லேயே கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியிடம் எழுதி வாங்கியவர்கள். பறவைகள் கூடு கட்டியிருக்கும் காலத்தில் பட்டாசுகூட வெடிப்பதில்லை என்று அங்கே கேள்விப்பட்டபோது, அப்போது அதை ஒரு சுவையான செய்தியாக மட்டும் கேட்டுக்கொண்டேன். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் இதே வகைத் தவறுதான். இனப்பெருக்கக் காலத்தில் அந்தக் குரலைக் கேட்கும் பறவை, வேறொரு பறவை தன் எல்லைக்குள் வந்துவிட்டது என்று நம்பி, உணவையும் கூட்டையும் விட்டுவிட்டு ஓடி வருகிறது.

பெரிய லென்ஸை, படத்தின் இடது ஓரம் சற்று மங்கலாக விழும் என்று சொல்லியே, 31,000 ரூபாய்க்கு விற்றேன். கூட்டிக் கழித்துப் பார்த்தால் என் இழப்பு 1,59,500 ரூபாய். ஜூலையில் கடைசித் தவணை முடிந்தது.

2025 மார்ச்சில், பால்கனியில் கட்டியிருந்த துணிக்கொடியிலேயே ஒரு தேன்சிட்டு நூலைச் சுற்றத் தொடங்கியது. அதே பறவையா என்று எனக்குத் தெரியாது. கொடியில் இருந்த துணிகளை அன்றே எடுத்துவிட்டு, பால்கனிக் கதவைச் சாத்தி வைத்தோம். “ஏம்மா, துணியெல்லாம் எங்கேம்மா காயப்போடுவே?” என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். மாடியில் போட்டுக்கொள்கிறோம் அம்மா என்றேன். ஒரே ஒரு படம் எடுத்தேன், சமையலறைக்குள் நின்று, ஜன்னலின் கொசு வலை வழியாக. வலையின் கட்டங்கள் படம் முழுவதும் மங்கலாகத் தெரிகின்றன. அவற்றுக்கு நடுவே கூட்டின் வாசலில் வளைந்த அலகு மட்டும் வெளியே நீட்டியிருக்கிறது. அதை அச்சிட்டு, அரிசி டப்பாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். ஏப்ரலில் ஒரு நாள் காலை கூடு காலியாக இருந்தது; முருங்கைக் கிளையில் குட்டை வாலோடு இரண்டு சிறு பறவைகள் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. கூடு இன்னும் அந்தக் கொடியிலேயே தொங்குகிறது. துணிகளை இப்போதும் மாடியில்தான் உலர்த்துகிறோம்.